தண்ணீரால் மூட்டிய அடுப்பு

காட்டுப்பள்ளியில் மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. சென்னைக்கு வடக்கே, எண்ணூர்க் கழிமுகத்தைத் தாண்டினால், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே உப்பங்கழியும் இரு புறமும் நெருக்க, நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டு அது. அங்கே இயற்கை உயர்த்தி வைத்த பொருள் எதுவென்று கேட்டால், மணல் மேட்டையும் பனைமரத்தையும்தான் காட்டவேண்டும். துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் வானளாவ நிற்கின்றன என்பது உண்மையே. ஆனால் அவை மனிதன் வைத்தவை. வடக்கே பழவேற்காட்டு ஏரி விரிந்து கிடக்கிறது. உப்புநீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் தேசத்தில் இதுவே பெரிது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் ஏறக்குறைய இன்றைய மட்டத்துக்கு வந்து நின்றது. பிறகு ஆறுகள் கொண்டுவந்த மணலை அலைகள் அள்ளி அள்ளி இட்டுக் கரைக்கு முன்னால் ஒரு வரப்புப் போட்டன. அந்த வரப்பின் மேல்தான் இங்கே மக்கள் குடியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் எரிமலையைப் பற்றிப் பேச்சு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாலை நேரம். படகு நிழலில் உட்கார்ந்து ஒரு பெரியவர் வலையின் கிழிசலைச் சீர்செய்துகொண்டிருந்தார். துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் எழுந்தபோது பழைய குப்பத்தை விட்டு வேறிடம் பெயர்ந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கல்லூரியில் படிக்கும் பேரன், கடலுக்கு நடுவே ஒரு மலை நெருப்பைக் கக்கும் படத்தைக் கைப்பேசியில் காட்டினானாம்.

"அந்த மலை நம்ம கடல்லேதான் இருக்குதுன்னு சொல்றான், தம்பி. நான் அறுபது வருஷமா இந்தத் தண்ணியிலே போய் வர்றேன். தண்ணிக்குள்ளே நெருப்பு எப்படி அணையாம இருக்கும்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க" என்றார்.

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அது எவ்வளவு நல்ல கேள்வி என்று தெரிந்தது. நம் முன்னோர்களுக்கும் இதே ஐயம் எழுந்திருக்கிறது போலும். சமுத்திரத்தின் அடியில் பெண் குதிரையின் முகத்தோடு ஓர் அக்கினி இருக்கிறது, அது ஓயாமல் கடல் நீரைக் குடித்துக்கொண்டிருப்பதால்தான் கடல் கரை மீறாமல் நிற்கிறது என்று புராணங்கள் சொல்லும். வடவாமுகாக்கினி என்றும், வடவைத் தீ என்றும் அதற்குப் பெயர். புராணக் கதைக்கும் பூகர்ப்ப சாஸ்திரத்துக்கும் முடிச்சுப் போடுவது எனக்குப் பிடித்தமான காரியம் அன்று. ஆனாலும் நெருப்பு நீரைக் குடிக்கிறது என்ற அந்த ஒரு வார்த்தை, உண்மைக்கு எவ்வளவு அருகே போய்விட்டது என்பதை நேயர்கள் மேலே படித்தால் அறிவார்கள்.

பெரியவரின் பேரன் சொன்னது சரிதான். காட்டுப்பள்ளிக் கரையிலிருந்து கிழக்கே, சற்றே தெற்கு நோக்கிச் சாய்ந்து, சுமார் 900 மைல் சென்றால் அந்த மலையை அடையலாம். வழியில் அந்தமான் தீவுகள் குறுக்கிடும். அந்தமான் என்றவுடன் நமக்கு நினைவு வருவது தேசபக்தர்கள் வாடிய சிறைச்சாலை. அந்தச் சிறை நின்ற போர்ட் பிளேருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 85 மைல் தொலைவில், அந்தமான் கடலின் நடுவே தன்னந்தனியாக நிற்கிறது 'பாரன் தீவு'. 'வறண்ட தீவு' என்பது அதன் பொருள். நம் தேசத்தில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை இது ஒன்றுதான்.

கப்பலிலிருந்து பார்த்தால் அது பெரிய மலையாகத் தோன்றாது. குறுக்களவு சுமார் 2 மைல். மிக உயர்ந்த சிகரம் கடல் மட்டத்திலிருந்து 1,160 அடி. ஆனால் இந்தக் கணக்கு ஏமாற்றுக் கணக்கு. கடலின் அடித்தளத்திலிருந்து அளந்தால், நீருக்குள் மட்டும் 7,400 அடி மலை மறைந்திருக்கிறது. மொத்தம் எட்டாயிரத்து ஐந்நூறு அடிக்குக் குறையாது. அதாவது, நம் நீலகிரியின் தொட்டபெட்டாவைப் பெயர்த்துக் கொண்டுபோய் அந்தமான் கடலில் இறக்கி வைத்தால் எவ்வளவு வெளியே தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் இங்கே வெளியே தெரிகிறது. உதகமண்டலத்து மலைக்கு நிகரான ஒன்று முழுவதும் நெருப்புக் குழம்பாலும் சாம்பலாலும் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டு, இடுப்புக்கு மேலும் நீரில் அமிழ்ந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தலையின் அமைப்பு விசித்திரமானது. வீட்டுப் பெண்மணிகளுக்கு இதை விளக்குவது சுலபம். நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொண்டால் போதும். வட்டமான சுவர், நடுவே குழி, குழிக்குள் குழவி நிற்கிறதல்லவா? பாரன் தீவும் அப்படியே. வெளிச்சுவர்தான் பழைய எரிமலை. ஒரு காலத்தில் அது பெரிய கூம்பாக உயர்ந்து நின்றது. பிறகு ஏற்பட்ட மகத்தான வெடிப்பில் உள்ளிருந்த குழம்பு வெளியேறிவிடவே, தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் உச்சி முழுதும் உள்ளே சரிந்து விழுந்தது. சுமார் ஒன்றேகால் மைல் அகலமுள்ள பள்ளம் உண்டாயிற்று. அந்தப் பள்ளத்தின் நடுவே பிற்காலத்தில் புதிதாக முளைத்த சிறு கூம்புதான் குழவி. இப்பொழுது புகைவது அதுவே. ஆட்டுக்கல்லுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே மேற்குப் பக்கத்தில் சுவர் இடிந்திருக்கிறது. கதவில்லாத கோட்டை வாசல் போன்ற அந்த இடைவெளி வழியாகத்தான் நெருப்புக் குழம்பு வழிந்து கடலில் போய் விழுகிறது. மனிதர்கள் கரையேறுவதற்கும் அந்தப் பக்கமே வழி.

1787-ஆம் ஆண்டு இந்தத் தீவிலிருந்து புகைத் தூண் எழுந்ததைக் கப்பலில் சென்றவர்கள் கண்டு எழுதிவைத்தார்கள். 1789-இல் அந்தமானை அளக்க வந்த லெப்டினண்ட் ஆர்ச்சிபால்ட் பிளேர் (போர்ட் பிளேருக்குப் பெயர் தந்தவர் இவரே), செந்தழலாய்ச் சிவந்த பாறைகள் வானில் எறியப்படுவதைப் பார்த்தார். மூன்று நான்கு டன் எடையுள்ள கற்களும் அவற்றில் இருந்தனவாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலை சில முறை சீறியது. பிறகு ஓய்ந்தது. வாலண்டைன் பால் என்ற பூகர்ப்ப சாஸ்திரி 1873-இல் வந்து பார்த்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மாலெட் என்பவர் வந்து ஆராய்ந்து, 1885-இல் இந்தத் தீவையும் அதன் வடக்கேயுள்ள நார்கொண்டம் தீவையும் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். நார்கொண்டம் என்பது 'நரக குண்டம்' என்பதன் திரிபு என்று சிலர் ஊகித்திருக்கிறார்கள். ஆனால் நார்கொண்டத்து மலை அடங்கிப்போன மலை. பச்சைக் காடு போர்த்து, உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாய்ச்சிப் பறவையை வளர்த்துக்கொண்டு சாதுவாக இருக்கிறது. நரகத்துக்கு உரிய பெயர் எப்படியோ இடம் மாறிப் போயிற்று போலும்!

பாரன் தீவில் கரையிறங்கும் இடத்தில் அந்நாளில் ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதில் வெப்பமானியை விட்டுப் பார்த்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லச் சூடு குறைந்துகொண்டே வந்தது. நோயாளியின் கை குளிர்ந்து வருவதைப் பார்க்கும் வைத்தியரைப்போல், மலை அணைந்து வருகிறது என்று பலரும் முடிவு கட்டினார்கள். கப்பலில் ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகிக் காட்டு ஆடுகளாகத் திரிந்தன. புல் முளைத்தது, மரம் செழித்தது, பறவைகள் கூடு கட்டின. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே கழிந்தது. அணைந்த அடுப்பு என்று எல்லோரும் நம்பியிருந்த நிலையில், 1991-ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் மலை மறுபடி புகைந்தது. சுமார் ஆறு மாத காலம் குழம்பு கொட்டியது. 1993-இல் போய்ப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், முன்பு அங்கே கண்டிருந்த 16 வகைப் பறவைகளில் 6 வகைகளையே கண்டார்கள். ஆடுகளில் ஒரு பகுதி எப்படியோ பிழைத்துக்கொண்டன. 1994-95-லும் 2005-லும் மலை மீண்டும் சீறியது. 2017 ஜனவரி மாதம், கோவாவில் உள்ள தேசியக் கடல் ஆய்வு நிலையத்தார் தற்செயலாக அருகே கப்பலில் இருந்தபோது, பகலில் சாம்பல் மேகங்கள் எழுந்ததையும், இருட்டியபின் செந்நிற ஊற்றுப்போல் நெருப்புப் பீறிட்டதையும் நேரே கண்டார்கள்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். இந்த நெருப்பு எங்கிருந்து வருகிறது?

பூமியின் உட்புறம் முழுவதும் உருகிய நெருப்புக் கடல் என்றும், மேலோடு வெடித்த இடத்தில் அது பீறிடுகிறது என்றும் நம்மில் பலர் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நம்பி வருகிறோம். அது பிசகு. மேலோட்டுக்குக் கீழே பல நூறு மைல் ஆழம் வரையில் இருப்பது கெட்டியான பாறைதான். கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருக்கிறது. ஆனால் மேலேயுள்ள பாரம் அழுத்துவதால் உருகாமல் கிடக்கிறது. அதை உருக்க வேண்டுமானால் ஏதேனும் ஓர் உபாயம் வேண்டும். பாரன் தீவில் அந்த உபாயத்தைச் செய்வது நெருப்பு அன்று, தண்ணீர். அதுவும் எங்கோ உள்ள தண்ணீர் அன்று. நம் வங்கக் கடலின் தண்ணீர்.

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. ஓடு உடைந்த முட்டையைப்போல் பெரிய பெரிய பலகைகளாகப் பிரிந்திருக்கிறது. அந்தப் பலகைகள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கின்றன. இமயம் முதல் குமரி வரையில் நாம் நிற்கும் நிலமும், காட்டுப்பள்ளிக்கு எதிரே விரிந்துள்ள வங்கக் கடலின் அடித்தளமும் ஒரே பலகையைச் சேர்ந்தவை. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர், அதாவது நம் விரல் நகம் வளரும் வேகத்தில், இந்தப் பலகை வடகிழக்கு நோக்கிப் போகிறது. அந்தமான் தீவுகளுக்கு மேற்கே ஓர் ஆழமான கடற்பள்ளம் உண்டு. அங்கே நம் பலகை எதிரே உள்ள பலகையின் கீழே புகுந்து, சாய்ந்து, பூமிக்குள் இறங்குகிறது.

இறங்கும்போது எல்லாமாகச் சேர்ந்து இறங்குவதில்லை. கடலின் அடியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து அரித்துக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மைல் கணக்கில் படிந்திருக்கிறது. உலகத்திலேயே பெரிய வண்டல் விசிறி என்று இதைச் சொல்கிறார்கள். மேல் பலகையின் விளிம்பு அந்த வண்டலில் பெரும் பகுதியைத் தோசைத் திருப்பிபோல் சுரண்டி எடுத்துக் குவித்துவிடுகிறது. அப்படிச் சுரண்டிக் குவித்த மண்ணும், கூடவே பெயர்ந்து வந்த கடலடிப் பாறையும் சேர்ந்தவைதான் அந்தமான் தீவுகள். மிச்சம் கொஞ்சம் வண்டலோடு, பலகை மட்டும் கீழே போகிறது.

அந்தப் பலகையின் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலுக்கடியில் ஊறிக் கிடந்தவை. பாறை ஊறுமா என்று கேட்கலாம். வெடிப்புகளின் வழியாக நீர் உள்ளே இறங்கி, பாறையிலுள்ள தாதுக்களோடு கலந்து, அவற்றில் ஓர் அங்கமாகவே ஆகிவிடுகிறது. பிழிந்தால் வராது, வெயிலில் காய வைத்தாலும் போகாது. ஆனால் சுமார் 60 மைல் ஆழத்துக்குப் போனதும், அங்கேயுள்ள சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கமாட்டாமல் அந்தத் தாதுக்கள் நீரைக் கக்கிவிடுகின்றன. அந்த நீர் மேலேயுள்ள சூடான பாறைக்குள் ஏறுகிறது. உடனே பாறை உருகத் தொடங்குகிறது.

தண்ணீர் பட்டால் பாறை ஏன் உருகவேண்டும்? பொற்கொல்லர் பட்டறையில் நகைக்குப் பற்று வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஒருவாறு விளங்கும். அவர் பற்றின் மேல் வெங்காரத்தைத் தூவுகிறார். ஊதுகுழலின் சிறு சுடரிலேயே பற்று இளகி ஓடிவிடுகிறது. வெங்காரம் இல்லாவிட்டால் அவ்வளவு எளிதில் நடக்காது. முழுவதும் ஒத்த உதாரணம் அன்று என்று சாஸ்திரிகள் ஆட்சேபிக்கலாம். ஆனாலும் காரியம் இதே வகையைச் சேர்ந்தது. கெட்டியாக நின்ற பாறை, நீர் சேர்ந்ததும் தன் பிடிவாதத்தை விட்டு, அதே சூட்டில் உருகிப்போகிறது. உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட இலேசானதால் மேலே எழும்புகிறது.

நீரின் வேலை அத்துடன் தீர்ந்துவிடவில்லை. குழம்போடு கலந்து வரும் நீர், மேலே வரவர அழுத்தம் குறைவதால் ஆவியாகப் பிரிகிறது. கோலி சோடாவின் கோலியை அழுத்தியவுடன் என்ன நடக்கிறது? அதுவரையில் சாதுவாக இருந்த சோடா நுரைத்துக்கொண்டு முகத்தில் பாய்கிறதல்லவா? எரிமலை வாயிலும் அதுதான் நடக்கிறது. சுமார் 1,100 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உள்ள குழம்பு நுரைத்து, சிதறி, வானில் பாய்ந்து, கல்லும் சாம்பலுமாக விழுகிறது. அந்த நுரையே கல்லாக உறைவதால்தான் எரிமலைக் கற்களில் தேனடைபோல் துளைகள் காணப்படுகின்றன. வாயைச் சுற்றி விழுந்தவை குவிந்து கூம்பாகின்றன. நுரை அடங்கிய குழம்போ மெல்ல வழிந்து கருங்கல்லாகிறது. ஒரு படலம் சாம்பல், ஒரு படலம் குழம்பு என்று இப்படிப் பல லட்சம் ஆண்டுகள் கட்டியதுதான் அந்தக் கடல் தொட்டபெட்டா. அருகே கடலடி வண்டலைத் துளைத்து எடுத்துப் பார்த்ததில், கடந்த 72,000 ஆண்டுகளில் பல முறை இது பெருஞ்சாம்பலைக் கொட்டியிருப்பதற்கு அடையாளம் கிடைத்திருக்கிறது.

ஆகையால், பெரியவரே, தண்ணீருக்குள் நெருப்பு எப்படி அணையாமல் இருக்கிறது என்று நீங்கள் கேட்டீர்கள். தண்ணீர் இருப்பதனால்தான் அந்த நெருப்பே மூண்டது.

நம் தமிழ்நாட்டு மலைகளில் இப்படி ஏன் நடப்பதில்லை என்று குழந்தைகள் கேட்கக்கூடும். நம் நிலத்தின் அடியில் எந்தப் பலகையும் இப்போது புகுந்துகொண்டிருக்கவில்லை. அடுப்பு மூட்ட நீர் இல்லை. திருவண்ணாமலையை அக்கினி மலை என்று தலபுராணம் போற்றுகிறது. அது பக்தியின் பாஷை. பூகர்ப்ப சாஸ்திரப்படி அது எரிமலையன்று, மிக மிகப் பழைய பாறை. சென்னைக்கு அருகே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள பாறைகள் இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றின் முன்னால் பாரன் தீவு தொட்டிலில் கிடக்கும் குழந்தை. குழந்தை ஆகையால்தான் இத்தனை அழுகை.

இந்தக் குழந்தைக்கு உடன்பிறந்தவர்கள் பலர். பலகை இறங்கும் பள்ளத்தை ஒட்டி, பர்மாவின் போப்பா மலை, நார்கொண்டம், பாரன் தீவு, சுமத்திராவின் தோபா, ஜாவாவுக்கு மேற்கே கிரகதோவா என்று எரிமலைகள் வில்போல் வளைந்து வரிசையாக நிற்கின்றன. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு தோபா வெடித்தபோது, அதன் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி நம் பக்கம் வந்து விழுந்தது. ஆந்திர தேசத்து நந்தியால் ஜில்லாவில் ஓர் ஊரின் அருகே, சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேலாக அந்தச் சாம்பல் இன்றும் படிந்திருக்கிறது. அந்த ஊரின் பெயர் ஜ்வாலாபுரம்! சாம்பலைப் பற்றித் தெரிந்து பெயர் வைத்தவர் யாரும் இல்லை, தற்செயல்தான். இருந்தாலும் கேட்டவுடன் உடம்பு சிலிர்க்கிறது.

1883 ஆகஸ்டு 27-இல் கிரகதோவா வெடித்த கதையை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். எழுந்த அலையில் முப்பத்தாறாயிரம் பேர் மாண்டார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் துறைமுகத்தில் வைத்திருந்த நீர்மட்டக் கருவிகள் அந்த அலையின் எஞ்சிய துடிப்பைத் தாமாகவே காகிதத்தில் எழுதிக் காட்டின. அடுத்த செப்டம்பர் மாதத்தில் சென்னைவாசிகள் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள்: சூரியன் பச்சை நிறமாக உதித்துப் பச்சை நிறமாக அஸ்தமித்தது. மிச்சி ஸ்மித் என்ற சென்னைப் பேராசிரியர், பிற்காலத்தில் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தை அமைத்தவர், அந்தப் பச்சைச் சூரியனின் ஒளியைக் கருவியால் பகுத்து ஆராய்ந்து எழுதினார். வானத்தில் உயரப் போன எரிமலைத் தூசியின் வேலை அது.

இவற்றையெல்லாம் கேட்டால், பாரன் தீவு மலையால் நமக்கு என்ன ஆபத்து வருமோ என்ற பயம் எழுவது இயல்பு. மலையைப் பற்றிய வரையில் பயம் வேண்டியதில்லை என்றே சொல்லலாம். தற்காலத்தில் அது சீறிய அளவு சிறிது. நமக்கும் அதற்கும் நடுவே அந்தமான் தீவுகள் அரண்போல் நிற்கின்றன. பயப்பட வேண்டியது மலைக்கு அல்ல, மலையை உண்டாக்குகிற இயந்திரத்துக்கு. மலை வெறும் புகைபோக்கிதான். சமையலறை வேறிடத்தில் இருக்கிறது. அந்தமானுக்கு மேற்கே, நம் பக்கத்தில், அரணுக்கு வெளியே இருக்கிறது.

பலகை நகம் வளரும் வேகத்தில் இறங்குகிறது என்றேன். அது வழுக்கிக்கொண்டு சுகமாக இறங்குவதில்லை. மேல் பலகையோடு கவ்விக்கொண்டு, நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் நிற்கும். மேல் பலகையின் விளிம்பு வில்லைப்போல் வளைந்துகொண்டே போகும். பிறகு ஒரு நாள் பிடி விட்டுவிடும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி 28 நிமிடத்துக்கு அந்தப் பிடி விட்டது. சுமத்திராவிலிருந்து அந்தமான் வரையில் சுமார் 800 மைல் நீளத்துக்குக் கிழிந்துகொண்டே போயிற்று. நிக்கோபாரின் தென்கோடியில் உள்ள இந்திரா முனை பதினான்கு அடி தாழ்ந்து, அங்கே தரைமேல் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. கடலின் அடித்தளம் துள்ளியதால் அதன் மேலிருந்த நீர் முழுதும் துள்ளியது. ஒன்பது மணியளவில் அலை சென்னைக் கரையையும் பழவேற்காட்டுக் குப்பங்களையும் வந்து அடித்தது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் உயிரிழந்தார்கள். ஐந்து மாதம் கழித்து, 2005 மே மாதக் கடைசியில், பாரன் தீவு மறுபடி குமுறத் தொடங்கியது. பூகம்பம்தான் அதைத் தட்டி எழுப்பியதோ என்று ஆராய்ச்சியாளர்களிடையே விவாதம் உண்டு.

பிடி விட்டதற்கும் அலை வந்ததற்கும் நடுவே இரண்டரை மணி நேரம் இருந்தது என்பதை எண்ணும்போது மனம் ஆறுவதில்லை. காட்டுப்பள்ளியிலிருந்து மீஞ்சூருக்கு நடந்தே போயிருக்கலாம். சொல்லுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். 2007-ஆம் ஆண்டு முதல் ஹைதராபாத்தில் ஓர் எச்சரிக்கை நிலையம் இரவு பகல் வேலை செய்கிறது. கடலடியில் அழுத்தமானிகளை வைத்து, அலை புறப்பட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறார்கள். 2012 ஏப்ரல் 11-இல் சுமத்திராவுக்கு அப்பால் மறுபடி ஒரு மகா பூகம்பம் நேர்ந்தபோது, நம் கரையோர மக்கள் எச்சரிக்கை கேட்டு விலகிப் போனார்கள். பெரிய அலை வரவில்லை. அன்று பாறை பக்கவாட்டில் நழுவியதே தவிர மேலே துள்ளவில்லை. வீணாக ஓடினோமே என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். வீணாக ஓடிய அந்த ஒரு மாலைப்பொழுதை நான் லாபக் கணக்கிலேயே எழுதுவேன்.

அலை வந்தபோது கரையைக் காத்தவை எவை? தமிழ்நாட்டுக் கரை நெடுகிலும், உயர்ந்த மணல் மேடும் அடர்ந்த தோப்பும் இருந்த இடங்களில் சேதம் குறைந்திருந்ததைப் பலரும் பார்த்தார்கள். அந்த மணல் மேடுகளோ ஓரிடத்தில் நிலைத்து நிற்பவை அல்ல. நம் கரையில் மணல் ஆண்டு முழுவதும் அலையோடு பிரயாணம் செய்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. குறுக்கே கல்லைக் கொட்டி அணை போட்டால் தெற்கே மணல் தேங்கும். வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியதால் மெரினா விரிந்ததும், வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் தின்றதும் நூறாண்டுக்கு மேற்பட்ட பழங்கதை. எண்ணூருக்கு அருகே ஒரு துறைமுகம் 2001-இலும், காட்டுப்பள்ளியில் மற்றொன்று 2013-இலும் வேலை தொடங்கின. அவற்றுக்கு வடக்கே கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. துறைமுகம் தேசத்துக்கு வேண்டியதே, மறுப்பவர் யார்? ஆனால் எதிரே 800 மைல் நீளத்துக்கு ஒரு வில் மறுபடி வளைந்துகொண்டிருக்கும்போது, கரையோர மணல் மேடு குப்பத்துக்காரர்களின் அழகுப் பொருள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி காட்டுப்பள்ளிக்குப் போனேன். பெரியவர் அதே படகு நிழலில் இருந்தார். இவ்வளவையும் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். வெங்காரம் அவருக்குப் பிடித்திருந்தது. சோடாவுக்குச் சிரித்தார். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தத் தரையும் அந்தப் பலகையின் மேல்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னபோது மட்டும் கையிலிருந்த ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படீன்னா நாமளும் ஒரு நாள் அந்தப் பள்ளத்துக்குப் போய்ச் சேருவோமா, தம்பி?"

"இந்த வேகத்தில் போனால் இரண்டு கோடி வருஷத்துக்கு மேல் ஆகும், பெரியவரே. அப்படிப் போய்ச் சேர்ந்தாலும், தரையின் பாறை இலேசானது. கடலின் அடித்தளத்தைப்போல் சுலபமாக உள்ளே இறங்காது என்கிறார்கள்."

அவர் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசியை எடுத்தார்.

"இரண்டு கோடி வருஷமா? சரி, அதுக்குள்ளே இந்த வலை முடிஞ்சுடும்" என்றார்.